மார்கழியில் வேண்டாம், ஆனியில் வா

திருகோணமலை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். உன் நலமறிய ஆவல். நீயும் உன் கூட்டாளிமார் இருவரும் ஆளுக்கொரு முதுகுப்பையுடன் மார்கழியில் வந்து, ஐந்து நாட்கள் குறைந்த செலவில் ஊரையும் புறாமலைத் தீவையும் சுற்றிப்பார்க்கப் போவதாக எழுதியிருந்ததைப் படித்து மனம் நிறைந்தது. உப்புவெளியில் அந்த மாதம் அறை வாடகை நன்றாகக் குறைந்திருப்பதைப் பார்த்துத்தான் அதைத் தெரிவு செய்தேன் என்கிறாய். வாடகை ஏன் குறைகிறது என்பது, சிறு வயதிலேயே இங்கிருந்து போன உனக்கு மறந்திருக்கும்.

ஐப்பசியில் தொடங்கும் வாடைக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசுவது. மழையையும் அதுவே கொண்டுவருகிறது. அந்த நாட்களில் நிலாவெளிக் கரையில் அலை உயர்ந்து உடைய, மணல் கலங்கித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கிடக்கும். மாமா தன் படகைத் தென்னைகளுக்கடியில் இழுத்து வைத்துவிட்டு வலை பொத்திக்கொண்டிருப்பார். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் கண்ணெதிரே தெரியும் புறாமலைக்கு அப்போது போக நினைக்கவே கூடாது. வைகாசிக்குப் பிறகு நிலைமை வேறு. கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வீசுவதால், காலையில் கடல் குளம்போல் அடங்கி, அடிமணல் வரை தெளிந்திருக்கும். ஆகவே ஆனியில் வா.

அறைக்குக் கூடுதலாகப் போகும் பணத்தை வேறு வழிகளில் மிச்சம் பிடிக்கலாம். முதல் இரண்டு இரவும் நம் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துத் தருகிறேன். இடியப்பமும் சொதியும் சம்பலும் என் பொறுப்பு. கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் ஓர் இரவு வாடகை மிச்சம். அதோடு, விடியும் வேளையில் தம்பலகாமத்து வயல்களைக் கடந்து சீனன்குடாவில் கடலை முதன்முதலாகக் காணும் காட்சி வேறெந்த வாகனத்திலும் கிடைக்காது. நிலாவெளிக்கு ஓட்டோ பிடிக்காதீர்கள். புல்மோட்டை பஸ் உப்புவெளி, நிலாவெளி வழியாகத்தான் போகிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் மேயும் பாதையால் நடந்து கோணேசர் கோயிலுக்குப் போக, அதிகாலையில் எழும்பும் மனம் மட்டும் போதும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு துவாய் கொண்டுபோனால் சரி.

பணத்தைப் பார்க்கக்கூடாத இடம் புறாமலை. நிலாவெளிக் கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் சீட்டு எடுத்தே போக வேண்டும். உன் கூட்டாளிமாருக்கு வெளிநாட்டவர் கட்டணம், நாங்கள் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. அதைப் பெரிதாக எண்ண வேண்டாம் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல். படகுக்கூலியை வேறு பயணிகளோடு பங்கிடலாம், ஆனால் ஆட்களை அடைத்து ஏற்றும் படகில் ஏறாதே. ஒருமுறை உறவினர்களோடு போனபோது, படகோட்டி அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி, பாதிப் பேருக்கு உயிர்காப்பு அங்கியும் தராமல் புறப்பட்டார். படகின் விளிம்பு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்ப, உன் தங்கையை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு நான் இருந்த அந்தப் பத்து நிமிடம் இன்றைக்கும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மாமாவும், பிள்ளைகள் தன் மீன்பிடிப் படகில் அல்ல, முறையாகச் சீட்டெடுத்துப் பயணிகள் படகிலேயே போகட்டும் என்கிறார்.

இன்னொன்றை நான் யாருக்கும் சொன்னதில்லை. 2003இல் புறாமலை தேசியப் பூங்காவாவதற்கு வெகுகாலம் முன்பு, கலியாணத்துக்கு முந்திய ஒரு பயணத்தில், ஆழம் குறைந்த இடத்தில் கால் ஊன்றினேன். காலடியில் மான்கொம்புப் பவளத்தின் கிளையொன்று மளுக்கென்று முறிந்தது. கையிலெடுத்தேன், மண்ணிறமாக, வழுவழுப்பாக, நுனி மட்டும் இள நீலமாக இருந்தது. அழகாயிருக்கிறதென்று வீட்டுக்குக் கொண்டுவந்து யன்னலில் வைத்தேன். அடுத்த நாள் அதிலிருந்து அழுகிய மீன் நாற்றம் வந்தபோதுதான், உயிருள்ள ஒன்றை முறித்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது உறைத்தது. கொஞ்ச நாளில் அது எலும்பைப்போல வெளுத்துப்போயிற்று. புறாமலைக் கரையில் மணலைவிடச் செத்த பவளத் துண்டுகளே அதிகம். நடக்கும்போது உடைந்த பீங்கான்போலச் சலசலக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த யன்னல் நினைவு வரும்.

ஆகையால் நீந்தும்போது மிதந்தே இருங்கள். களைத்தால் கரைக்கு வந்து இளைப்பாறுங்கள். வெயிலுக்குக் களிம்பு பூசுவதை விட நீளக்கைச் சட்டை அணிவது பவளத்துக்கும் நல்லது, செலவும் குறைவு. முகத்துக்கு நன்றாகப் பொருந்தும் நீர்க்கண்ணாடியை அங்கிருந்தே கொண்டுவா. காலையில் முதற்படகுகளில் போனால், கூட்டம் சேருமுன், துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் ஆழமில்லாத பக்கத்தில் திரிவதைக் காணலாம். மனிதரைக் கண்டால் அவையே விலகிப் போகும், பயப்பட வேண்டாம்.

விமானச்சீட்டு வாங்குமுன் எனக்கு ஒரு சொல் எழுது. ஆனி இரண்டாம் கிழமை என்று மாமாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உனக்கு விடுமுறை கிடைக்காவிட்டால் ஆடியும் நல்லதுதான். கூட்டாளிமார் உறைப்புச் சாப்பிடுவார்களா என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா