'நீங்க போயிட்டு வாங்க' என்று பாட்டி சொன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதானவர்களை வீட்டிலேயே முடக்கிப் போடாதீர்கள், வெளியே கூட்டிப்போங்கள் என்று நாளிதழ்களில் அடிக்கடி அறிவுரை வருகிறது. நல்ல அறிவுரைதான். எப்படிக் கூட்டிப்போவது என்பதுதான் வருவதில்லை. முதியோர் பராமரிப்பைத் தொழிலாகச் செய்கிறவர்கள் என்ற முறையில் அதை எழுதுகிறோம்.

"நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்று பாட்டி சொன்னால், வர விருப்பமில்லை என்று குடும்பத்தார் எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரம் அது மனதுக்குள் போட்டுப் பார்த்த கணக்கின் விடை. போகிற இடத்தில் கழிப்பறை எங்கே இருக்கும்? எத்தனை படி? உட்கார நாற்காலி கிடைக்குமா, இல்லை தரையா? அலுத்துப்போனால் யார் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்? இந்த நான்குக்கும் முதல் நாளே பதில் சொல்லிவிட்டால், வரமாட்டேன் என்ற பாட்டிகளில் பலர் காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு தயாராகிவிடுவார்கள். கடைசி நிமிடத்தில் "கிளம்புங்க பாட்டி" என்று வந்து நிற்பது இளையவர்களுக்கு இன்ப அதிர்ச்சி. பாட்டிக்கு வெறும் அதிர்ச்சிதான்.

கழிப்பறையிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்ற சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. வெளியே போகிற நாளில் பாட்டிகள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வயதானால் தாக உணர்வு மங்கிவிடும், சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்கும் திறனும் குறையும். அதனால் தாகம் எடுக்கவில்லை என்பதை வைத்து உடம்பில் நீர் இருக்கிறது என்று சொல்ல முடியாது. நீர் குறைந்தால் எழும்போது தலை சுற்றும், மலச்சிக்கல் வரும், சிலருக்குப் பேச்சே தடுமாறும். "வெளியே கூட்டிட்டுப் போனாலே முடியாம போயிடுது" என்று பிறகு சொல்கிறோமே, அதற்கு அலைச்சலைவிடத் தண்ணீர் குடிக்காததே காரணமாக இருப்பது அதிகம். கிளம்பும் முன் ஒருமுறை போய்விட்டு வரட்டும். போய்ச் சேர்ந்ததும் கூடத்துக்கு அழைத்துப் போகும் முன் கழிப்பறையைக் காட்டிவிடுங்கள். இடம் தெரிந்துவிட்டால் தண்ணீரும் குடிப்பார். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவே கணக்கு.

நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெளியே போகும் நாளில் அதைத் தாமாகவே விட்டுவிடுவது வழக்கம். அது தவறு. அந்த வகையில் பலவும் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அன்று மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

கழிப்பறைக்குள் பார்க்க வேண்டியவை: தரை ஈரமா, உட்கார்ந்து எழப் பிடிமானம் உண்டா, கதவு உள்ளே தாழ்ப்பாள் போடாமல் நிற்குமா. துண்டு மாட்டும் கம்பியையும் வாஷ்பேசினையும் பிடித்து எழுவார்கள். இரண்டும் உடம்பின் எடைக்காகப் பொருத்தப்பட்டவை அல்ல, கழன்று வரும். முட்டி மடங்காதவருக்குத் தரைமட்டக் கழிப்பறைதான் இருக்கிறது என்றால், மடக்கி எடுத்துப்போகும் கமோடு நாற்காலியை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றுத்துணியையும் நாப்கினையும் பாட்டியின் கைப்பையிலேயே வைத்துவிடுங்கள். பத்துப் பேர் முன்னால் அதை எடுத்து நீட்டினால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

அடுத்தது எழுந்து நிற்பது. படுத்தோ உட்கார்ந்தோ இருந்து எழுந்த மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதை மருத்துவர்கள் தனிக் கோளாறாகவே கணக்கில் எடுக்கிறார்கள். முதியவர்களிடம் இது சாதாரணம். பிரஷர் மாத்திரையும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் கூடும். எனவே எழும் முன் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழுமாகப் பத்துப் பன்னிரண்டு முறை ஆட்டி, எழுந்து, பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நின்று, பிறகு நடக்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் அழுத்தம் இறங்கும். ஆனால் நம் வீடுகளில் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு "எல்லாரும் வந்து நில்லுங்க, போட்டோ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். போட்டோவைச் சாப்பாட்டுக்கு முன் எடுத்துவிடலாம், பாட்டியை உட்காரவைத்தே எடுக்கலாம்.

காரில் ஏற்றுவது பார்க்க எளிதாகத் தெரியும், தோள்மூட்டு பிசகுவது அங்கேதான். வண்டியை நடைமேடையை ஒட்டி நிறுத்தாதீர்கள். மேடைமேல் நின்று உட்காரும்போது இருக்கை இன்னும் தாழ்ந்துவிடும், இறங்கும்போது அங்கிருந்து எழுவது பெரும்பாடு. கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் பாட்டி சாலை மட்டத்தில் நிற்பார். முன் இருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, சாய்மானத்தைச் சற்றே சாய்த்து வையுங்கள். பாட்டி வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, கெண்டைக்கால் வண்டியில் படும்வரை பின்னால் வரட்டும். கதவைப் பிடிக்க விடாதீர்கள், அது அசையும். தலை இடிக்காமல் உங்கள் கையை மேலே வைத்துக்கொண்டு முதலில் உட்காரச் செய்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே திருப்புங்கள். ஒரு காலை உள்ளே வைத்து ஏறுவது முட்டி நன்றாக இருப்பவர்கள் செய்வது. திரும்புவதற்கு வசதியாக வழவழப்பான பையை இருக்கையில் விரிப்பார்கள், நல்ல உத்திதான். வண்டி கிளம்பும் முன் உருவிவிட வேண்டும். இல்லையென்றால் பிரேக் அடிக்கும்போது பெல்ட்டுக்கு அடியில் சறுக்கிவிடுவார். பெல்ட் வயிற்றின்மேல் போகக் கூடாது, இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும்.

இறக்கும்போது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் கூடாது. இரண்டு காலையும் வெளியே வைத்து, இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னே இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, கையால் ஊன்றி எழட்டும். முன்னால் சாயாமல் நேராக எழ முயல்வதால்தான் மறுபடி மறுபடி பின்னால் விழுகிறார்கள். பயணம் நீண்டதென்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி நாலடி நடக்க வையுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும்.

கைத்தடி சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க, பாட்டியைச் செருப்போடு நிற்கவைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள், அப்போது எடை முழுவதும் நோகும் காலிலேயே இறங்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் காலும் தடியும் முதலில். துணைக்கு வருகிறவர் ஏறும்போது ஒரு படி பின்னால், இறங்கும்போது ஒரு படி முன்னால் நிற்க வேண்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி (பைஃபோக்கல்) போட்டவர்களுக்குக் கீழே பார்க்கும்போது படியின் விளிம்பு மங்கும், கடைசிப் படியில் தவறுவது அதனால்தான். "இதுதான் கடைசிப் படி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சாலையைக் கடக்கும்போது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இறங்காதீர்கள், அடுத்த பச்சைக்குக் காத்திருங்கள். பல இடங்களில் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்ற கணக்கில்தான் நேரம் வைக்கிறார்கள். தடியூன்றி நடப்பவர் பெரும்பாலும் 0.8 மீட்டர்கூட நடப்பதில்லை.

சக்கர நாற்காலி என்றால் உட்காரும்போதும் எழும்போதும் இரண்டு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும், கால்வைக்கும் பலகை மடிந்திருக்க வேண்டும். அதன்மேல் மிதித்து எழுந்தால் நாற்காலியே முன்னால் கவிழும். சரிவில் இறக்கும்போது பின்பக்கமாக இறக்குங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் பாதுகாப்பான சாய்வு. அரை அடி வாசற்படிக்கு இரண்டடிப் பலகையைச் சாய்த்துவிட்டு "ரேம்ப் இருக்கே" என்பவர்களை நம்பாதீர்கள்.

இனிப் பருவங்கள். கோடையில் காலை வெயில் ஏறும் முன்போ மாலை இறங்கிய பின்போதான் கிளம்ப வேண்டும். வயதான உடம்புக்கு வியர்ப்பது குறைவு, சூட்டை வெளியேற்றுவதும் மெதுவாகத்தான். "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி நிறுத்திய காருக்குள் பாட்டியை விட்டுப் போகாதீர்கள். மூடிய கார் பத்து நிமிடத்தில் வெளியே இருப்பதைவிட ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடாகிவிடும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினும் காரில் இருக்கக் கூடாது, 30 டிகிரிக்கு மேல் பெரும்பாலான வகைகள் கெட ஆரம்பிக்கும். ஐஸ்மேல் நேரடியாக வைத்தால் உறைந்தும் கெடும், துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். வெயிலில் இருந்தவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அதை அசதி என்று விடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய நிலை அது. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மழைக்காலத்தில் விழுவது பெரும்பாலும் தெருவில் இல்லை, வாசலைத் தாண்டியதும்தான். நனைந்த ரப்பர் முனையோடு தடியை டைல்ஸ் தரையில் ஊன்றினால் அது வழுக்கும். உள்ளே நுழையும் முன் தடியின் முனையையும் செருப்பின் அடியையும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். முனையில் வரிகள் தேய்ந்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். குடையும் தடியும் ஒரே ஆளுக்கு ஆகாது. பாட்டிக்கு மழைக்கோட்டு, குடை துணைக்கு வருகிறவர் கையில். காது கேட்கும் கருவி நனைந்தால் பேட்டரியை எடுத்துவிட்டு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், ஹேர் டிரையர் சூடு காட்டாதீர்கள். அடைமழை நாளில் பயணத்தைக் கைவிட்டு, பேரப்பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை.

குளிர்காலத்தில் ஒரே தடித்த உடையைவிட மூன்று மெல்லிய உடைகள் மேல். சூடேறினால் ஒன்றைக் கழற்றலாம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும் என்பதால் விடியற்காலைப் பயணத்தை நடுப்பகலுக்குத் தள்ளுங்கள். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. முதியவர்களுக்கு நடுக்கம் வராமலேயே அது நேரலாம். வீட்டில் எந்தக் குழந்தைக்காவது சளி, காய்ச்சல் என்றால் சந்திப்பைத் தள்ளிப்போடுங்கள். நமக்கு மூன்று நாள் தும்மலாகப் போவது அவருக்கு நுரையீரல் வரை போகும்.

வீட்டுக்கு வந்த பாட்டியைச் சோபாவில் உட்காரவைப்பது மரியாதை என்று நினைக்கிறோம். அதில் புதைந்தால் ஆள் பிடிக்காமல் எழ முடியாது. கைப்பிடி உள்ள, கெட்டியான, இடுப்பு முட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்கும் நாற்காலி போதும். அதைச் சுவர் ஓரமாக, பேசுகிறவர்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி போடுங்கள். டிவியை நிறுத்துங்கள். காது மந்தமானவருக்குப் பத்துப் பேர் சேர்ந்து பேசுவது இரைச்சல்தான். இரண்டிரண்டு பேராகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பேச்சு நடக்கும். கைக்குழந்தையை நின்றபடி அவர் கையில் கொடுக்காதீர்கள், உட்கார்ந்த பிறகு மடியில் வையுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆனதும் "போகலாமா" என்று கேட்க ஓர் ஆளை முன்பே ஒதுக்கிவிடுங்கள். கூட்டம் கலையும்வரை காத்திருக்கவைத்தால் இரண்டு நாள் படுத்துவிடுவார். நினைவு மங்கியவர்களுக்கு மாலை நேரக் குழப்பம் உண்டு, அவர்களுக்குப் பகலே நல்லது. புடவையிலோ பையிலோ வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும்.

எங்கள் கருத்தில், வருடத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துப் போகும் பெரிய பயணத்தைவிட வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் பக்கத்துத் தெருவுக்குப் போய்வருவது உடம்புக்கும் மனதுக்கும் நல்லது. கண்ணாடிக்கு ஸ்க்ரூ போட, வங்கியில் கையெழுத்துப் போட, பேத்திக்குத் துணி எடுக்க என்று ஒரு வேலை இருந்தால் இன்னும் நல்லது. விருந்தாளியாக ஓரத்தில் உட்காருவதைவிட, "இந்த நிறமா அந்த நிறமா" என்று தன்னைக் கேட்கிற இடத்துக்குப் போகவே யாருக்கும் பிடிக்கும்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. சுற்றுலாப் பக்கத்தில் ஓர் இடத்தை அறிமுகம் செய்யும்போது, வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை எத்தனை மீட்டர், எத்தனை படி, கைப்பிடி உண்டா, வழியில் உட்கார பெஞ்ச் உண்டா, வெஸ்டர்ன் கழிப்பறை எந்தப் பக்கம், கூட்டம் குறைவான நேரம் எது என்று கடைசியில் நான்கு வரி சேருங்கள். உங்கள் நிருபர் அங்கே எப்படியும் நடந்துதான் போகிறார், எண்ணிக்கொண்டு வருவதற்குத் தனிச் செலவில்லை.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்