32 அணிகள் வந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்றார்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

மணிலாவில் 2025 செப்டம்பர் 28-ம் தேதி முடிந்த உலக ஆண்கள் வாலிபால் சாம்பியன்ஷிப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் மூலையில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. இத்தாலி 3-1 என்று பல்கேரியாவை வென்றது, அவ்வளவுதான். அந்த வாரம் செய்திப் பக்கங்கள் முழுக்கக் கரூர் துயரம்தான், அதில் யாரும் குறை சொல்லப் போவதில்லை. நான் கேட்பது விளையாட்டுப் பக்கத்தைப் பற்றி மட்டும். அதே ஞாயிற்றுக்கிழமை துபாயில் ஆசியக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டி, அதுவும் இந்தியா பாகிஸ்தான், அப்புறம் வாலிபாலுக்கு எங்கே இடம் என்று நீங்கள் கேட்பீர்கள். சரி, ஒரு நாளைக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் போட்டி செப்டம்பர் 12-ம் தேதியே தொடங்கிவிட்டதே சார், மற்ற பதினாறு நாளும் என்ன ஆயிற்று?

இத்தனைக்கும் போட்டி தொடங்கும் முன்பு எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். 24 அணிகளை 32 ஆக்கிவிட்டார்கள், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடந்ததை இனி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்கிறார்கள், சின்ன நாடுகளெல்லாம் வந்து மூணு செட்டில் தோற்றுப் போகும், பெரிய அணிகள் கால் மேல் கால் போட்டுக்கொண்டு கால் இறுதிக்கு வரும், பார்க்கிறவனுக்கு என்ன மிச்சம் என்றார்கள். ஒருதலைப்பட்சமான ஆட்டங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. லிபியா மூன்று ஆட்டத்திலும் தோற்றது, தென்கொரியாவும் அப்படித்தான். அரங்கத்தில் காலி நாற்காலிகளும் நிறையத் தெரிந்தன. ஆனால் கால் மேல் கால் போட்டுக்கொண்டு வரும் என்று சொன்ன பெரிய அணிகளின் கதையைக் கேளுங்கள்.

பிரான்ஸ், டோக்கியோ, பாரிஸ் என்று ரெண்டு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வாங்கிய அணி. முதலில் பின்லாந்திடம் ஐந்து செட்டில் தோற்றது, அப்புறம் அர்ஜென்டினாவிடம் அதே மாதிரி ஐந்து செட்டில் தோற்று, முதல் சுற்றோடு ஊருக்குப் போய்விட்டது. பிரேசில் இன்னும் பரிதாபம். மூன்றில் ரெண்டு ஆட்டம் ஜெயித்தும் வெளியே. கடைசி ஆட்டத்தில் செர்பியாவிடம் ஒரு செட்கூட எடுக்காமல் தோற்றதால் செட் கணக்கில் அடி வாங்கிவிட்டது. ஜப்பான் அணி மேல் மணிலா ரசிகர்களுக்கு இருக்கும் பைத்தியம் சாதாரணமானதில்லை, இஷிகாவா, தகாஹாஷி பெயர் போட்ட ஜெர்சியோடு வந்து கத்தினார்கள், அந்த ஜப்பானைத் துருக்கி மூன்று செட்டில் முடித்தது, கனடாவும் மூன்றே செட்டில் முடித்தது. இதெல்லாம் செய்தி இல்லையா?

சாம்பியன் இத்தாலியே முதல் சுற்றில் பெல்ஜியத்திடம் 3-2 என்று தோற்ற அணிதான். கால் இறுதியில் அதே பெல்ஜியம் மறுபடி எதிரே வந்தபோது மூன்று செட்டில் கணக்கைத் தீர்த்தார்கள். அடுத்து அரை இறுதியில் போலந்தையும் மூன்று செட்டில். இத்தாலியின் பயிற்சியாளர் டி ஜார்ஜி பற்றி ஒரு பத்தி போட்டிருந்தாலே எத்தனை பேர் படித்திருப்பார்கள்! இத்தாலி இதுவரை ஐந்து தடவை உலக சாம்பியன். 1990, 1994, 1998-ல் இவர் செட்டராக, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவராக, அணியில் இருந்தார், 2022-லும் இப்போதும் பயிற்சியாளர். ஐந்து பட்டத்திலும் ஒரே ஆள். இன்னொரு வேடிக்கை, பிரான்ஸ் பயிற்சியாளர் ஜானி, பல்கேரியாவின் பயிற்சியாளர் பிளெஞ்சினி, ஈரானின் பியாட்சா, போட்டியை நடத்திய பிலிப்பைன்ஸின் பயிற்சியாளர் பிரிகோனி, எல்லாரும் இத்தாலிக்காரர்கள். கோப்பை மட்டுமில்லை, பாதி உலகத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அவர்கள்தான்.

எனக்குப் பிடித்த கதை பல்கேரியாவுடையது. கடைசியாக அவர்கள் உலக சாம்பியன்ஷிப் இறுதிக்கு வந்தது 1970-ல், சொந்த ஊர் சோபியாவில், அன்றைக்குக் கிழக்கு ஜெர்மனியிடம் தோற்றார்கள். 55 வருஷம் கழித்து மறுபடி வந்திருக்கிறார்கள். செட்டர் சிமியோன் நிகோலோவ் பதினெட்டு வயசுப் பையன், உயரம் ரெண்டு மீட்டருக்கு மேல். அவன் தூக்கிக் கொடுப்பதை அடிக்கும் அட்டாக்கர் அவனுடைய அண்ணன் அலெக்சாண்டர். அப்பா விளாடிமிர் நிகோலோவும் பல்கேரிய அணியில் ஆடியவர்தான். கால் இறுதியில் அமெரிக்காவிடம் முதல் ரெண்டு செட்டையும் விட்டுவிட்டு, எல்லாரும் கதை முடிந்தது என்று நினைத்த நேரத்தில், மிச்ச மூன்றையும் எடுத்து ஜெயித்தார்கள். இறுதிப் போட்டியில் மூன்றாவது செட்டை 25-17 என்று பிடித்ததும் மறுபடி அதுதான் நடக்கப் போகிறதோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்காவது செட்டை இத்தாலி 25-10 என்று துடைத்துப் போட்டது வேறு விஷயம்.

அப்புறம் பிலிப்பைன்ஸ். போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேராக இடம் கிடைத்த அணி, தரவரிசையில் எங்கோ கீழே. முதல் ஆட்டத்தில் துனிசியாவிடம் நேர் செட்டில் தோற்றதும் சரிதான் என்று எல்லாரும் கையை உதறிவிட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் எகிப்தை 3-1 என்று அடித்தார்கள், உலக சாம்பியன்ஷிப்பில் அவர்களுடைய முதல் வெற்றி அது. மூன்றாவது ஆட்டத்தில், ஆசிய விளையாட்டுப் போட்டியில் அடுத்தடுத்து மூன்று தடவை தங்கம் வாங்கிய ஈரானை ஐந்தாவது செட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் 20-22 என்று தோற்றார்கள். பதினைந்தில் முடிய வேண்டிய செட் இருபத்திரண்டு வரை! அதை ஜெயித்திருந்தால் அடுத்த சுற்று. அணியின் நட்சத்திரம் பகுனாஸ் ஜப்பான், தைவான் லீகுகளில் ஆடிப் பழகியவர். வெளியே போய் ஆடினார்கள், நல்ல பயிற்சியாளரைக் கொண்டுவந்தார்கள், பெரிய அணிகளோடு மோத ஒரு வாய்ப்புக் கிடைத்தது, அந்த வாய்ப்பை 32 அணிகள் என்ற விரிவாக்கம்தான் பலருக்குக் கொடுத்தது.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. முப்பத்திரண்டு நாட்டிலும் இந்தியா இல்லை. ஆசியாவிலிருந்து பிலிப்பைன்ஸோடு சேர்த்து ஜப்பான், ஈரான், கத்தார், சீனா, தென்கொரியா போனார்கள். அந்தத் தென்கொரியாவை 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நாம்தானே அடித்தோம்? முதல் செட்டை 27-25-ல் விட்டு, ரெண்டாவதை 29-27-ல் பிடித்து, கடைசி செட்டை 17-15 என்று முடித்த ஆட்டம் அது. நம்ம ஊர் செட்டர்கள் முத்துசாமி, உக்கிரபாண்டியன் ரெண்டு பேரும் அந்த அணியில் இருந்தார்கள். அடுத்து சீன தைபேயையும், அதாவது தைவான் அணியையும், நேர் செட்டில் வென்றோம். பிறகு ஜப்பானிடமும் பாகிஸ்தானிடமும் தோற்று ஆறாவது இடம். ஆசியப் போட்டியில் 1958-ல் வெண்கலம், 1962-ல் வெள்ளி, 1986-ல் வெண்கலம் வாங்கிய நாட்டுக்கு ஆறாவது இடமே பெருமை ஆகிவிட்டது, அது தனிக் கதை. ஆனால் கொரியாவை அடிக்கிற அளவுக்கு ஆள் இருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டதே.

பிறகு ஏன் இடம் இல்லை? ஆள் குறைவு, உயரம் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போட்டியை நடத்தும் நாட்டையும் நடப்பு சாம்பியனையும் விட்டால், மற்றவர்கள் உலக சாம்பியன்ஷிப்புக்குப் போக ரெண்டு வழிதான். ஒன்று கண்டத்து சாம்பியன்ஷிப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் உலகத் தரவரிசையில் மேலே இருக்க வேண்டும். தரவரிசைப் புள்ளி சர்வதேச ஆட்டம் ஆடினால்தான் ஏறும். வருஷத்துக்கு ரெண்டு போட்டிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, பிறகு அணியே கூடாமல் மாதக்கணக்கில் கிடந்தால் எப்படி ஏறும்? நம்ம வாலிபால் சம்மேளனத்தில் யார் நாற்காலியில் உட்காருவது என்ற தகராறு பல வருஷமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது, அதில் நசுங்குவது ஆட்டக்காரர்கள்தான். முகாம் எப்போது, பயிற்சியாளர் யார், அடுத்த போட்டிக்கு அனுப்புவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் ஒரு பையன் எப்படி நாலு வருஷம் உழைப்பான்? பேசாமல் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று ஒதுங்கிவிடுவான். ஒதுங்குகிறவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதைக் கேட்க வேண்டியது யார்? பத்திரிகைதானே. நம்ம பக்கத்தில் கோயில் திருவிழா, பொங்கல் என்றால் மின்விளக்குப் போட்டு ராத்திரி முழுக்க வாலிபால் டோர்னமென்ட் நடத்துகிறோம், சுத்துப்பட்டு ஊரெல்லாம் வந்து நிற்கிறது. படிக்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஐபிஎல் ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்று முழுப் பக்கம் போடுகிறீர்களே, இந்திய வாலிபால் அணி இந்த வருஷம் எத்தனை சர்வதேச ஆட்டம் ஆடியது, முகாமுக்கு எவ்வளவு செலவாயிற்று, பயிற்சியாளர் எத்தனை மாதம் இருந்தார் என்று உங்கள் நிருபர் ஒருவர் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு எழுதட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாலிபால் முடிவைப் போடும்போது 3-1 என்று மட்டும் போடாமல் செட் புள்ளிகளையும் சேர்த்துப் போடுங்கள். 25-21, 25-17, 17-25, 25-10 என்று போட்டால் ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்று எங்களுக்கு ஓரளவு புரியும். ஒரு வரிகூட அதிகம் ஆகாது.

அடுத்த உலக சாம்பியன்ஷிப் 2027-ல் போலந்தில். அதற்கான இடத்தைப் பிடிக்கிற வேலை 2026 ஆசிய சாம்பியன்ஷிப்பிலேயே தொடங்கிவிடும். அதற்கு முன்னால் ஹைதராபாத்தில் 2025 அக்டோபர் 2-ல் தொடங்கி பிரைம் வாலிபால் லீக் நடந்தது, சென்னை அணியும் ஆடியது. குறைந்தது அந்த லீகையாவது இனிமேல் மூலைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்