பெரிசா வாங்காதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி ஒரு பக்கம், குளிர் இறங்குவதற்குள் விறகைப் பிளந்து அடுக்க வேண்டிய அவசரம் ஒரு பக்கம், ராத்திரி சாப்பிட்டு உட்கார்ந்தால் கண் தானாகச் சொக்கிவிடுகிறது. சின்னவளும் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாள். வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான், அப்புறம் கொல்லையில் அந்த உலை, அதுவும் ஒரு பிள்ளை மாதிரிதான், காலையும் ராத்திரியும் தீனி போட்டாக வேண்டும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புது வீட்டுக்குப் பின்னால் மரம் நிறைய இருக்கிறது, வெளியே வைக்கிற விறகு உலை வாங்கி வீடு முழுக்கச் சூடாக்கலாம் என்று பார்க்கிறேன், எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு, "பெரிசா வாங்கிட்டா எதுக்கும் கவலையில்லை" என்று நீயே ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றைக்கே பேனாவை எடுத்தேன். பெரிசா வாங்காதே. நான் வாங்கி ஐந்து குளிர்காலம் அனுபவித்தேன்.

அந்த உலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் உனக்கே புரியும். நடுவில் தீ எரியும் பெட்டி, அதைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர், அந்தத் தண்ணீரை பம்ப் மண்ணுக்கடியில் பைப் வழியாக வீட்டுக்கு அனுப்பிச் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவரும். தண்ணீர் 82 டிகிரி தொட்டதும் காற்று போகும் வழி மூடிக்கொள்ளும், நாலைந்து டிகிரி இறங்கினால் திறக்கும். வீட்டுக்குத் தேவையானதைவிட உலை பெரிசாக இருந்தால் பத்து நிமிஷத்தில் சூடேறி மூடிக்கொள்கிறது, அப்புறம் மணிக்கணக்கில் அந்த விறகு மூச்சு முட்டிக் கிடந்து கருகுகிறது. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள், இந்த உலையில் கதையே தலைகீழ், நெருப்பு சரியாக இல்லாததால்தான் புகைகிறது. புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகிற விறகுதானே. என் முதல் உலையில் கதவைத் திறந்தால் உட்சுவரில் தார் வழிந்து நிற்கும், ரோடு போடும்போது டிரம்மிலிருந்து ஒழுகுமே, அதே கறுப்பு, அதே பளபளப்பு. புகைபோக்கி இணைப்பிலிருந்து சொட்டி உறைந்து குச்சியாகத் தொங்கும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாம் குளிர்காலத்தில் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார், அவர் மேல் தப்பே இல்லை.

எவ்வளவு பெரியது வேண்டும் என்பதைச் சதுர அடி வைத்துச் சொல்லுவார்கள், நம்பாதே. பழைய வீடு ஒன்று, சந்து பொந்தெல்லாம் அடைத்த வீடு ஒன்று, இரண்டும் ஒரே சதுர அடி என்றாலும் ஒன்று தின்பதில் பாதிதான் இன்னொன்று தின்னும். உன் வீட்டில் இப்போது எண்ணெய் பாய்லர் ஓடுகிறது என்றாய், அந்த ரசீதுகளை எடு. மிகக் குளிர்ந்த மாதத்தில் எத்தனை லிட்டர் போயிற்று என்று பார். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 10 கிலோவாட் மணி சூடு இருக்கிறது. 600 லிட்டர் போயிருந்தால் 6,000, பாய்லர் அதில் 85 சதவீதம் வீட்டுக்குக் கொடுத்தது என்று வை, 5,100. மாதத்துக்கு 720 மணி நேரம், வகுத்தால் சராசரி 7 கிலோவாட். நடுங்கவைக்கிற ராத்திரிக்கு இதைப்போல் இரண்டு மடங்கு என்றாலும் 14தான். இந்த ஒரு கணக்கை நான் போடவில்லை, போட்டிருந்தால் அதைப்போல் நாலு மடங்கு உலையைக் கொல்லையில் இறக்கியிருக்க மாட்டேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது உச்ச அளவு, அதை விட்டுவிட்டு எட்டு மணி நேரம் தொடர்ந்து சராசரியாக என்ன கொடுக்கும் என்று கேள், கேட்ட உடனே விற்பவரின் முகம் மாறும். அதற்கும் முன்னால் கூரைக்கடியில் நல்ல இன்சுலேஷன் போட்டுவிடு, சூட்டை ஓட்டை வழியாக விடுவதற்கா விறகு பிளக்கிறோம்?

வகை இரண்டு. பழைய வகை சும்மா ஒரு பெட்டி, என்ன போட்டாலும் வாங்கிக்கொண்டு புகையாகத் துப்பும். இன்னொன்றில் விறகிலிருந்து வருகிற புகையைக் கீழே ஒரு கல் அறைக்குள் இழுத்து, காற்று கொடுத்து, கிட்டத்தட்ட 1,000 டிகிரியில் மறுபடி எரிப்பார்கள். நன்றாக எரியும்போது புகைபோக்கி மேலே கானல் மாதிரி காற்று நெளிவது மட்டும்தான் தெரியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015இல் கொண்டுவந்து 2020 மே மாதம் இறுக்கிய விதிக்குப் பிறகு, அங்கே வீட்டுக்குப் புதிதாக விற்பவை கிட்டத்தட்ட இந்த இரண்டாம் வகைதான். நானும் இப்போது வைத்திருப்பது அதுதான், போன உலைக்குத் தின்னக் கொடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் விறகு செலவாகிறது. ஆனால் அதற்கு நாக்கு நீளம், ஈர விறகைத் தொடாது. பச்சை மரத்தைத் திணித்தால் அந்த 1,000 டிகிரி வராது, பழையபடி புகை, பழையபடி தார், கூடவே நீ விலை உயர்ந்த உலை வாங்கிய வயிற்றெரிச்சல்.

அதனால்தான் உலையைப் பற்றி எழுத உட்கார்ந்து விறகைப் பற்றி எழுதுகிறேன். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். 10 கிலோ கட்டையைத் தூக்கிப் போட்டால் அதில் 5 கிலோ தண்ணீர், ஒரு பக்கெட்டில் மொண்டு தீயில் ஊற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கவே கட்டையில் இருக்கும் சூட்டில் ஏழில் ஒரு பங்கு போய்விடும், அதுகூடப் பரவாயில்லை, தீயே குளிர்ந்துபோய் மீதியும் சரியாக எரியாது என்பதுதான் பெரிய நஷ்டம். 20 சதவீத ஈரத்துக்குக் கீழே வர வேண்டும். ஈரம் பார்க்க இரண்டு ஊசி வைத்த சின்ன மீட்டர் கிடைக்கிறது, வாங்கிவிடு, ஆனால் கட்டையின் முனையில் குத்திப் பார்த்து ஏமாறாதே, முனை எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கட்டையை அந்த நிமிஷம் இரண்டாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில் குத்திப் பார். மீட்டர் கையில் இல்லாதபோது நான் இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவேன், காய்ந்தது 'டங்' என்று பாடும், ஈரம் 'தொப்' என்று விழும்.

உருட்டுக் கட்டையாகப் போட்டு வைத்தால் இரண்டு வருஷம் ஆனாலும் காயாது, பட்டைக்குள் தண்ணீர் சிறைப்பட்டுக் கிடக்கும். வெட்டியதும் பிளந்துவிடு. தரையில் படாமல் மேலே தூக்கி, காற்று ஊடுருவுகிற மாதிரி, ஒற்றை வரிசையாக அடுக்கு. மேலே மட்டும் தகரம் போடு, பக்கங்களைத் தார்பாயால் போர்த்திவிடாதே, போர்த்தினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். லேசான மரம் ஒரு கோடையில் காய்ந்துவிடும், ஓக் மாதிரி கெட்டி மரத்துக்கு இரண்டு வருஷம்கூட ஆகும். என் புத்தியைக் கேட்டால், விறகை இந்த வருஷம் அடுக்கு, உலையை அடுத்த வருஷம் வாங்கு. பழைய சொந்தக்காரர் ஒரு குவியல் விட்டுப் போயிருக்கிறார் என்றாயே, அது காய்ந்திருக்கும் என்று நீயாக முடிவு செய்யாதே. விலைக்கு வாங்குவதாக இருந்தால் 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம் நெருக்கமாக அடுக்கினால் ஒரு கார்ட், 128 கன அடி, வண்டியில் தாறுமாறாகக் கொட்டியதை அந்தப் பேரில் வாங்காதே.

அடுத்தது பைப். இதில் நான் பட்டது வேறு யாரும் படக்கூடாது. உலைக்குச் செலவு செய்த களைப்பில் மண்ணுக்கடியில் போகிற பைப்பில் மிச்சம் பிடித்தேன், நெளிநெளியான வெளிக்குழாய்க்குள் பைப்பைச் சுற்றிக் குமிழி பிளாஸ்டிக் சுருட்டி வைத்திருந்த ரகம். முதல் பனி விழுந்த காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தோட்டம் முழுக்க வெள்ளை, உலையிலிருந்து வீடு வரைக்கும் மட்டும் ஒரு பச்சைப் புல் வரிசை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. அழகாகத்தான் இருந்தது. என் விறகு முழுக்க அங்கேதான் போய்க்கொண்டிருந்தது என்று உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. நிலத்தடி நீர் வெளிக்குழாய்க்குள் புகுந்து பைப்பைச் சுற்றி நின்றிருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மறு கோடையில் தோண்டி எடுத்து, ஃபோம் பைப்போடு ஒட்டி முழுக்க நிறைந்திருக்கிற ரகம் போட்டேன். போன குளிர்காலத்தில் அந்த இடத்தில் பனி முழங்கால் அளவு கிடந்தது, அதைப் பார்க்க எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

திரும்பி வருகிற தண்ணீர் ரொம்ப ஆறிப்போய் உலைக்குள் நுழையக்கூடாது. 60 டிகிரிக்குக் கீழே போனால் உட்சுவர் குளிர்ந்து புகையிலிருக்கும் ஈரம் அதில் வியர்த்து, தாரும் அமிலமும் சேர்ந்து இரும்பை அரிக்கும். இதற்கென்றே சூட்டுக்குத் தகுந்தாற்போல் திரும்பி வருகிற தண்ணீரோடு சுடுதண்ணீரைத் தானாகக் கலந்துவிடுகிற வால்வு இருக்கிறது, மாட்டச் சொல்லு. மாட்ட வருபவர் தேவையில்லை என்பார், என்னிடமும் சொன்னார்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், உலை சாவது பெரும்பாலும் அதனால்தான். இந்த வகை உலைகளில் நிறைய மூடி இறுக்காதவை, மேலே காற்று போகிற வழி திறந்திருக்கும், வெடிக்கிற பயம் கிடையாது, அது நல்லது. ஆனால் அந்த வழியாகவே ஆக்சிஜன் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும், துரு தடுக்கிற ரசாயனம் கலக்காவிட்டால் உள்ளிருந்து அரித்துவிடும். நான் முதல் இரண்டு வருஷம் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சும்மா இருந்தேன், ஐந்தாம் வருஷம் வெல்டிங் ஓரத்தில் குண்டூசி ஓட்டை, சொட்டுச் சொட்டாகத் தீப்பெட்டிக்குள் விழுந்து தணல் 'சுர் சுர்' என்று சத்தம் போட்டதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். உத்தரவாதம் கேட்டுப் போனால் தண்ணீர் பரிசோதனைச் சீட்டு எங்கே என்றார்கள், நானென்ன சொல்வது. இப்போது வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பாட்டில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறேன். தண்ணீர் மட்டம் அடிக்கடி குறைகிறதென்றால் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்காதே, எங்கே போகிறது என்று தேடு.

மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். கதவை ஒரேயடியாகத் திறக்காதே. புகைபோக்கிக்கு நேர் வழி விடுகிற தகட்டைத் திறந்து ஒரு நிமிஷம் பொறு, அப்புறம் ஒரு விரல் அகலத்துக்குக் கதவை நகர்த்தி நிறுத்து, நீ ஒதுங்கி நில். உள்ளே தேங்கிய வாயு திடீரென்று காற்று பட்டால் குப்பென்று பற்றும், என் புருவம் ஒரு மாதம் இல்லாமல் திரிந்தேன், என் மனைவி பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். கதவு ஓரத்தில் காற்று புகாமல் அடைக்கிற கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க உலை ஆறியிருக்கும்போது ஒரு காகிதத்தை வைத்து மூடி இழு, லேசாக உருவிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்று. சாம்பலை இரும்பு வாளியில் மூடி போட்டு, மரத்தரையிலோ சுவரோரமோ வைக்காமல் தள்ளி வை, உள்ளே இருக்கும் தணல் நாலைந்து நாள்கூடச் சாகாது. பெயின்ட் அடித்த பலகை, பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றிய மரம், பிளாஸ்டிக், எதையும் போடாதே. பழைய மருந்து ஏற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கும், எரித்தால் புகையிலும் வரும், சாம்பலிலும் நிற்கும். கரன்ட் போனால் பம்ப் நின்றுவிடும், உலை மட்டும் சூடாகிக் கொதித்து ஆவி விடும், அதனால் பம்புக்கும் கன்ட்ரோலுக்கும் ஒரு பேட்டரி இன்வெர்ட்டராவது வைத்துவிடு.

குளிர்காலம் முடிந்ததும் அப்பாடா என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவோம், நானும் அப்படித்தான் போனேன். சாம்பல் கோடை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்பைத் தின்னும். கடைசித் தீ அணைந்த வாரமே எல்லாவற்றையும் சுரண்டி எடு, மூலைமுடுக்கு விடாமல், உட்சுவரில் லேசாக எண்ணெய் தடவு, புகைபோக்கி வாயை மூடு, உள்ளே இருக்கும் மருந்து கலந்த தண்ணீரை வடித்துவிடாதே, நிறைந்தபடியே இருக்கட்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு இது வேண்டாமே என்று தோன்றினால், அதுவும் சரிதான். வருஷத்துக்கு எட்டு பத்து சனிக்கிழமை விறகுக்கே போகும், நமக்கும் வயசாகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, அதிகாலையில் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நாலு கட்டை போட்டுவிட்டு வருவது, அது இல்லாவிட்டால் எழுந்திருப்பேனா என்றே சந்தேகம். உனக்கும் பிடிக்குமா என்பது எனக்குத் தெரியாது, விடுதியில் காலை எட்டு மணிக்கு முன் நீ கண் விழித்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மீட்டர் வாங்கியதும் அந்தக் குவியலின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவிப் பிளந்து எண்ணை எழுது, எண்ணெய் ரசீதையும் அனுப்பு, கணக்கை நானே போட்டுத் தருகிறேன். மணி ஒன்பதரை, நான் போய் ராத்திரிக்கு விறகு போட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்