சனிக்கிழமை நுவரெலியாப் பயணம்: சாப்பாடு பற்றி

எல்லோருக்கும் வணக்கம். வான் அதிகாலை 4.30க்கு நல்லூரடியில் இருந்து வெளிக்கிடும். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் காலைச் சாப்பாடு. இடியப்பமும் சம்பலும் கொண்டுவருபவர்கள் அதை அங்கேயே முடித்துவிடுங்கள். சமைத்த சாப்பாட்டை 2 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போன முறை நான் தேங்காய்ச் சம்பலை மத்தியானம் வரை பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். மூடியைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவர் யன்னலைத் திறந்தார்.

வழியில் கொறிக்க முறிகண்டிக் கச்சான் இருக்கிறது, உப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். இதரை வாழைப்பழம் இரண்டு சீப்பு நான் கொண்டுவருவேன். ரோல்ஸ், பற்றீஸ் வேண்டாம், எண்ணெய் வயிற்றோடு மலை வளைவு ஏறினால் தெரியும்!

மத்தியானம் தம்புள்ளையில் சுடச்சுடச் சோறு, பருப்பு, கீரை. சலாட் பக்கம் போகாதீர்கள்.

சீனி வருத்தக்காரர் தேத்தண்ணிக்கு முதலே சொல்லிவிடுங்கள், கடைகளில் கரண்டி நிமிர்ந்து நிற்கும் அளவுக்குச் சீனி போடுவார்கள். மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள். கொதித்தாறிய தண்ணீர் ஆளுக்கு ஒரு போத்தல்.

சரி, மரக்கறிச் சாப்பாடு யார் யாருக்கு? வியாழன் இரவுக்குள் இங்கே போடுங்கள்.