தங்கையின் மடிக்கணினியை மீட்டுத் தந்த மூவருக்கு நன்றி

அன்புள்ள கணினி ஆசிரியர் அவர்களுக்கும், பெங்களூருவில் வேலை பார்க்கும் தங்கையின் பள்ளித் தோழிக்கும், எதிர்வீட்டுத் தம்பிக்கும் வணக்கம்.

தங்கையின் மடிக்கணினி இப்போது நன்றாக ஓடுகிறது. உள்ளே இருந்த நடவுப் பாட்டுப் பதிவுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. நேரில் நன்றி சொன்னோம்தான். ஆனாலும் நீங்கள் செய்தது என்ன என்பது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அது அரசின் இலவச மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அவள் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது. விண்டோஸ் 7, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் அதில் இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். டி டிரைவில் இடம் போதவில்லை என்று ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் ஹார்டு டிஸ்க்கில் லினக்ஸ் இருந்த பகுதியை (பார்ட்டிஷனை) அழித்து அந்த இடத்தை விண்டோஸுக்குச் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் கறுப்புத் திரை. ‘நோ சச் பார்ட்டிஷன்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘க்ரப் ரெஸ்க்யூ’. திரும்பப் போய்க் கேட்டதற்கு, ஃபார்மட் செய்வதைத் தவிர வழியில்லை என்றார்கள். ஆய்வுக்காக மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் வயதான அம்மாக்களைப் பாடச் சொல்லி அவள் பதிவு செய்த பாட்டுகள் அத்தனையும் அதற்குள்தான். பாடியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை.

முதல் நன்றி பெங்களூருத் தோழிக்கு. “ஃபார்மட் மட்டும் பண்ண விடாதீங்க அண்ணா, எதுவும் அழியலை” என்று நீ ஃபோனில் சொன்ன பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. வெறும் ஆறுதலாகச் சொல்லாமல் காரணத்தையும் விளக்கினாய். ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள், கணினியை எழுப்பும் சின்ன நிரலுக்கு. அடுத்த 64 பைட்டுகளில் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை. கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறி. லினக்ஸ் போட்டபோது அந்த 446 பைட்டுகளில், ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் ‘க்ரப்’ என்ற நிரலின் தலைப்பகுதி உட்கார்ந்துகொண்டது. அதன் மீதிக் கோப்புகள் லினக்ஸ் பகுதியில் இருந்தன. அந்தப் பகுதியை அழித்ததும், எழுந்த க்ரப் தன் மீதியைத் தேடி, கிடைக்காமல் அப்படியே நின்றுவிட்டது. விண்டோஸும் டி டிரைவும் இருந்த இடத்திலேயே இருந்தன. இதை நீ பொறுமையாகச் சொல்லாமல் இருந்திருந்தால், மறுநாள் காலையில் ஃபார்மட்டுக்குச் சம்மதித்திருப்போம்.

சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. விடுமுறை நாளில் வீடு தேடி வந்தீர்கள். வந்ததும் பழுதில் கை வைக்கவில்லை. “முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்” என்று சொல்லி, பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில் கணினியைத் திறந்தீர்கள். ஹார்டு டிஸ்க்கில் எதையும் நிறுவாமலே டி டிரைவ் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு மாற்றிய பிறகும் நீங்கள் எழுந்திருக்கவில்லை. நகல் சரியாக வந்திருக்கிறதா என்று தங்கையை ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, பாட்டை ஓட விட்டுக் கேட்கச் சொன்னீர்கள். அந்தக் குரல்கள் மறுபடி கேட்டபோது அவள் அழுதேவிட்டாள். அவசரப்படாமல் நீங்களும் காத்திருந்தீர்கள்.

விண்டோஸ் 7 பென் டிரைவைத் தயார் செய்தது எதிர்வீட்டுத் தம்பி. முதலில் செய்தது 64 பிட். எங்கள் கணினியில் இருந்ததோ 32 பிட் விண்டோஸ். பென் டிரைவில் இருந்த பழுது நீக்கும் வசதி எங்கள் விண்டோஸை ஏற்கவில்லை. முகம் சுளிக்காமல் போய் மறுபடி செய்து கொண்டுவந்தான். அதில் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ வழியாக, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போய், சார் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ அடித்தார். அந்தக் கட்டளை பகுதி அட்டவணையைத் தொடாமல் 446 பைட் நிரலை மட்டும் மாற்றி எழுதும். க்ரப் போய்விட்டது, ஆனால் விண்டோஸ் வரவில்லை! எந்தப் பகுதி ‘ஆக்டிவ்’ என்று பார்த்துத்தான் விண்டோஸின் நிரல் வேலை செய்யுமாம். க்ரப்புக்கு அது தேவையில்லை. எங்கள் டிஸ்க்கில் அந்தக் குறி எந்தப் பகுதியிலும் இல்லை. சார், டிஸ்க்கின் பகுதிகளைக் கையாளும் ‘டிஸ்க்பார்ட்’ கருவியில் விண்டோஸின் துவக்கக் கோப்புகள் இருந்த பகுதியைத் தேர்ந்து ‘ஆக்டிவ்’ என்று அடித்துவிட்டு மறுபடி ஆன் செய்ததும், விண்டோஸ் பழையபடி வந்தது. டிஸ்க்பார்ட்டில் ‘க்ளீன்’ என்று ஒரு கட்டளை உண்டு, அது அட்டவணையையே துடைத்துவிடும், விளையாட்டுக்குக்கூட அடித்துவிடாதே என்று தம்பிக்குச் சொன்னதையும் நான் குறித்துவைத்திருக்கிறேன்.

இதே சிக்கலில் இருப்பவர்கள் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். புதிய கணினிகள் பெரும்பாலும் யுஇஎஃப்ஐ என்ற வேறொரு முறையில் துவங்குபவை. அவற்றுக்கு இந்த ஃபிக்ஸ்எம்பிஆர் பயன்படாது. அங்கே துவக்கக் கோப்புகள் ஃபேட்32 என்ற வடிவில் அமைந்த ஒரு சிறிய பகுதியில் இருக்கும். கணினி துவங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை முதலில் வைத்தாலே பல சமயம் சரியாகிவிடும், இல்லையென்றால் துவக்கக் கோப்புகளை மறுபடி எழுதும் ‘பிசிடிபூட்’ கட்டளை வேண்டும் என்று சார் சொன்னார். எந்த முறையானாலும் கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

லினக்ஸை அழித்ததால் நின்ற கணினியிலிருந்து பாட்டுகளை வெளியே எடுத்துத் தந்ததும் லினக்ஸ்தான். அதை எழுதி இலவசமாகக் கொடுத்த, நாங்கள் பார்த்தே இராத அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பாடிய அம்மாக்களின் வீடுகளுக்கு அவரவர் பாட்டின் நகலைத் தங்கை கொடுக்கத் தொடங்கியிருக்கிறாள். சார், உங்கள் பென் டிரைவை அவளே பள்ளிக்கு வந்து தருவாள். உங்களுக்கும் ஒரு பிரதி அதில் இருக்கும்.

அன்புடன்,
தங்கையின் அண்ணன்