நம் ஊர் வீட்டுத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (ஆடி முதல் ஆனி வரை)

கூடியிருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் ஆண்டு ஆடியில் தொடங்கி ஆனியில் முடிகிறது. விதை ஊன்றும் நாளிலிருந்து கணக்கு வைப்பதுதான் சரி என்று முதல் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்தோம். அப்படிப் பார்த்தால் இது மூன்றாவது அறிக்கை. இப்போது 43 வீடுகள் சங்கத்தில் இருக்கின்றன. மாதக் கூட்டம் சித்திரையில் மட்டும் நடக்கவில்லை, திருவிழா வந்துவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிறது. அந்தச் சந்தைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். காட்டில் ஏக்கர் கணக்கில் தக்காளியும் முருங்கையும் போடுகிறவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. அவர்களே, பொடக்காலியில், அதாவது வீட்டுக் கொல்லையில், நாலு பாகல் கொடி வளர்ப்பது வேறு மாதிரி வேலை என்று சொல்கிறார்கள். காட்டில் ஆயிரம் செடியில் பத்து பட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் நாலில் ஒன்று போனால் அன்றைக்கே தெரியும்.

இந்த வருடம் சங்க நோட்டில் வந்த முறையீடுகளைத் திரும்பப் படித்தேன். பெரும்பாலானவற்றில் ஒரே வாசகம்: "பூச்சி அடிச்சிருச்சு, மருந்து சொல்லுங்க." முடிந்தவரை ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் பூச்சியே இல்லை. மாதம் தப்பியிருந்தது, இல்லையென்றால் பூ மலரும் நேரம் தப்பியிருந்தது, இல்லையென்றால் தண்ணீர் தப்பியிருந்தது. இந்த அறிக்கையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

மேற்குத் தெருவில் ஒரு வீட்டில் தை கடைசியில் பந்தல் அவரை ஊன்றினார்கள். கொடி பந்தலை மூடிவிட்டது. அடியில் உட்கார்ந்தால் நிழல் அப்படிக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் ஒரு பூ இல்லை. உரம் வைத்தார்கள், பஞ்சகவ்யம் தெளித்தார்கள், கொடி இன்னும் கொழுத்ததுதான் மிச்சம். நாட்டுப் பந்தல் அவரை பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் கொடி ஏறி நிற்கும் நேரத்துக்கு ஐப்பசி, கார்த்திகை வந்துவிடும், பூவும் வரும். தையில் ஊன்றியது வளர வளரப் பகல் நீண்டுகொண்டே போகிறது. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று பாட்டிமார் சொன்னது இதற்கும்தான். அந்தக் கொடியைப் பிடுங்க வேண்டாம், தண்ணீர் மட்டும் காட்டி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஐப்பசியில் போய்ப் பார்ப்போம்.

அடுத்தது, பிஞ்சு உதிர்வது. நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது இதுதான். பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் போல ஒரு பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். அந்தப் பிஞ்சைப் பார்த்துக் காய் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். மகரந்தம் சேராவிட்டால் அது மூன்று நாளில் பழுத்து உதிரும். அதைத்தான் பூச்சி என்று எழுதியிருந்தார்கள். முதலில் வருவது ஆண் பூக்கள் மட்டுமே, அவை உதிர்வதற்குப் பயப்படத் தேவையில்லை. அப்புறம் பெண் பூ வந்தும் உதிர்ந்தால், தேனீ வரவில்லை என்று பொருள்.

ஆவணி மாதக் கூட்டத்தில் பூக்களைப் பறித்து வந்து கையாலேயே சேர்த்துக் காட்டினோம். ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. ஆனால் நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலரும்; பூசணிப்பூ வெயில் ஏறினால் வாடிவிடும், ஆகவே எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலர்கிற பூக்கள். காலையில் எழுந்து சுரைப்பூவைத் தேடிய அக்கா ஒருவர் மாலையில் போய்ச் செய்து பார்த்துவிட்டு, புரட்டாசிக் கூட்டத்துக்கு இரண்டு சுரைக்காயோடு வந்தார். எனக்கு இந்த வருடத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

தேனீ ஏன் வரவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். காலையில் பூ மலர்ந்திருக்கும்போது மருந்து அடித்தால் பூவுக்கு வந்த தேனீயும் சாகும். வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும் சாயங்காலம் அடியுங்கள், அதுவும் பூவில் படாமல்.

தக்காளியின் அடிப்பக்கம் கருத்துக் குழிந்துபோகிறது என்று மூன்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். இதிலும் பூச்சி இல்லை. நாலு நாள் காயவிட்டு ஒரே நாளில் குளம் கட்டினால், மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. அதனால்தான் அடி கருக்கிறது. முட்டை ஓட்டுப் பொடி போடலாம், தப்பில்லை; அது மட்க நாளாகும். மூடாக்குப் போட்டுத் தினமும் அளவாகத் தண்ணீர் விட்ட வீட்டில் அடுத்த காய்ப்பு சுத்தமாக வந்தது. மூடாக்குக்குச் சோளத்தட்டு, காய்ந்த இலை எதுவும் ஆகும். கத்திரி வெயிலில் மண் சூடு தாங்காமல் செடி துவளாமல் இருக்கவும் அதுவே உதவியது.

சரி, உண்மையான பூச்சிக்கு வருகிறேன். பாகலிலும் பீர்க்கிலும் பழ ஈ இந்த முறை கடுமை. பிஞ்சு கோணிப்போய், வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு. விழுந்த காயை அப்படியே விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூண்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். விழுந்ததை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைத்த வீடுகளுக்கும் குப்பையில் எறிந்த வீடுகளுக்கும் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. பிஞ்சுக்கு நியூஸ்பேப்பர் பை கட்டுவது எளிது, செலவும் இல்லை. கத்திரியில் நுனி துவண்டால் உள்ளே தண்டைத் துளைக்கும் புழு இருக்கிறது. ஓட்டைக்குக் கீழே வெட்டி எரித்துவிடுங்கள்.

தென்னைக்கு அடியில் இருக்கும் செடிகளின் இலை கரி பூசியதுபோல இருப்பதைப் பலர் கேட்டார்கள். அது தென்னையில் இருக்கும் சுருள் வெள்ளை ஈயின் கழிவில் வளரும் கரும்பூசணம். இந்த ஈ 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளித்தால் காய்ந்ததும் கருப்பு செதிலாக உரிந்து விழும். மரத்துக்கு வீரியமான மருந்து வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன். பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கும்; 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தெரிந்து, பப்பாளியில் இருந்து மல்பெரி வரைக்கும் அழித்தது. மருந்துக்கு அடங்காததை, 2010-ல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட ஒரு சின்னக் குளவிதான் அடக்கியது. வெள்ளை ஈயின் குஞ்சுகளிலும் அப்படி ஒரு குளவி வேலை செய்கிறது. மருந்தில் முதலில் சாவது அதுதான்.

மயில் பற்றி எல்லோருக்கும் வருத்தம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது; மார்கழியில் என் தக்காளி நாற்று முழுவதையும் ஒரே காலையில் கொத்திவிட்டன. ஆனால் மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிற பறவை, அதைத் துன்புறுத்தக் கூடாது. விஷம் வைக்கலாம் என்றும் கம்பியில் கரண்டு விடலாம் என்றும் கூட்டத்தில் வந்த பேச்சைச் செயற்குழு அப்போதே மறுத்தது. குழந்தைகளும் ஆடு மாடும் நடமாடுகிற இடம். நமக்குப் பலன் தந்தது நாற்று வேர் பிடிக்கும்வரை மேலே நைலான் வலை, சுற்றிலும் பழைய சேலை. கிளுவை வேலி இருந்த வீடுகளில் ஆடும் கோழியும் குறைந்தன, மயில் குறையவில்லை. அது பறந்து வருகிறது, வேலியால் என்ன செய்ய முடியும்.

போர்த் தண்ணீர் வைகாசியில் உப்பேறியது. மண் மேலே வெள்ளை பூத்த வீடுகளில் பீன்ஸ் முளைக்கவே இல்லை. சோப்புத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள், கீரைப்பாத்திக்கு வேண்டாம். குடிதண்ணீர்க் குழாயைத் தோட்டத்துக்குத் திருப்ப வேண்டாம் என்பதையும் மறுபடி சொல்கிறேன், கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாமல் போகிறது.

விதைச் சேமிப்பில் சங்கத்தின் மேல் தவறு இருக்கிறது. அவரை விதையைச் சரியாகக் காயவைக்காமல் பானையில் போட்டு மூடினோம், வண்டு விழுந்துவிட்டது. பொறுப்பு என்னுடையது, மன்னிக்கவும். இனி நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, சாம்பலும் வசம்புப் பொடியும் கலந்து வைப்போம். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்துக் கொடுக்காதீர்கள்; அடுத்த தலைமுறை அதுபோல வராது. தானாக முளைத்த சுரையில் காய்த்ததைச் சமைக்கும் முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள், அதில் இருப்பது நஞ்சு. கிழக்குத் தெருப் பாட்டி சுரைக்காய் அரியும்போதெல்லாம் நுனியை நாக்கில் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

வரும் ஆண்டுக்கு ஒரு வேலைதான் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு நோட்டு. எந்த விதை, எந்தத் தேதியில் ஊன்றியது, முதல் பெண் பூ எந்த நாளில், முதல் காய் எந்த நாளில், இது நாலும் எழுதினால் போதும். எழுத முடியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

ஆடி முதல் ஞாயிறு காலை, சாவடியில் விதைப் பகிர்வு. புடலை, பீர்க்கு, பாகல், கொத்தவரை, வெண்டை இருக்கிறது. அவரை விதை வைத்திருப்பவர்கள் ஒரு பிடியாவது கொண்டு வாருங்கள், நம்மிடம் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்