நீல வலை கட்டிக் கொடுத்த ஐயாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

கடலூரில் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்திய கோடைக் கூடைப்பந்து முகாம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. தொண்டை இன்னும் திறக்கவில்லை. விசில் கடித்துக் கடித்து உதட்டோரம் வெடித்துக் கிடக்கிறது. ரெண்டு நாள் போகட்டும், நிதானமாக எழுது என்று வீட்டில் சொன்னார்கள். நிதானம் வந்துவிட்டால் எனக்கு எழுத வராது, அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேருக்கு அன்று மத்தியானத்துக்குள் வாட்ஸப்பில் தெரிந்துவிட்டது. முகாம் நடந்த இடத்துக் கேட்டில் தொங்கிய அந்தப் பூட்டைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பையும் தண்ணீர் பாட்டிலுமாக 43 பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள், அதில் ஒரு வாண்டு "மிஸ், இன்னிக்கு லீவா?" என்று முகமெல்லாம் பல்லாகக் கேட்டது. எனக்கு ஞாபகம் இருக்கவேண்டியது அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் புதுப்பாளையம் பக்கம் அந்தப் பழைய கோர்ட்டைத் திறந்து விட்டவர்கள், "வாடகை பேச்சே எடுக்காதீங்க" என்று சாவியைக் கையில் திணித்தவர்கள், பிள்ளைகளை நாலு நடையாக ஏற்றிக்கொண்டு வந்து ஒருவரும் காசு வாங்காத ஆட்டோ அண்ணன்கள், கோர்ட்டில் முளைத்திருந்த நெருஞ்சியைக் கையாலேயே பிடுங்கிப் போட்ட அம்மாக்கள், பதினோரு மணிக்கு நீர்மோர், நாலு மணிக்குத் தர்பூசணி என்று முறை வைத்துக்கொண்டு வந்த திருப்பாப்புலியூர் அக்காக்கள், ஏணி கொடுத்த பந்தல்காரர், மயக்கம் வந்த பையனுக்காகக் கிளினிக்கை விட்டுவிட்டு ஓடிவந்த டாக்டரம்மா, பழைய பந்துகளைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த என் அந்தக் காலத்து டீம் தோழிகள் எல்லோருக்கும் இந்த ஒரே மூச்சில் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த கத்திரி வந்துவிடும். நேரில் வருகிறேன், காபி போட்டு வையுங்கள்.

இந்த மடல் முக்கியமாக இன்னொருவருக்கு. பேர் போடக்கூடாது, போட்டோ போடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஐயா என்றே எழுதுகிறேன்.

அந்தக் கோர்ட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரை பரவாயில்லை, போர்டும் பரவாயில்லை. வளையம் இரண்டும் மொட்டை. வலை என்று ஒரு நூல்கூட இல்லை. சென்னையில் சொல்லி வைத்திருந்தேன், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். முகாமில் மிச்சம் இருந்ததே ஒன்பது நாள்தான். வலை இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும், வளையம் இருக்கிறதே என்றுதான் நானும் நினைத்தேன்.

விளையாடாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். வலை இல்லாத வளையத்தில் நல்ல ஷாட்டுக்கு மரியாதை கிடையாது. வளையத்தில் இடித்துத் தடதடவென்று ஆடி விழுகிற பந்துக்குச் சத்தம் உண்டு, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரும்பையே தொடாமல் நட்டநடுவில் இறங்குகிற பந்துக்குச் சத்தமே இருக்காது. பக்கவாட்டில் நிற்பவன் கண்ணுக்கு அது வளையத்துக்கு முன்னாலேயே விழுந்த மாதிரிதான் தெரியும். போட்டவருக்கே சந்தேகம் வந்துவிடும். வளையத்தின் உள் அகலம் 45 செ.மீ., ஆண்கள் ஆடுகிற ஏழாம் நம்பர் பந்து 24 செ.மீ. சொச்சம். சுற்றிலும் அவ்வளவு இடம் விட்டு நடுவில் இறக்குவது சாமானியமில்லை. அப்படி இறக்கிய பிள்ளையைப் பார்த்து "படவே இல்ல, அவுட்!" என்று கத்தினால் எப்படி இருக்கும்?

அதுதான் ஐந்தாம் நாள் சாயங்காலம் நடந்தது. ஃப்ரீ த்ரோ கோட்டில் (யாரும் தடுக்காமல் நின்று போடுகிற கோடு) வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாவது படிக்கிற ஒரு பெண், பேச்சு அதிகம் இல்லாதவள், போட்டாள். நான் அந்த நேரம் குட்டிப் பசங்களுக்குப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன். பையன்கள் நாலு பேர் ஒரே குரலில் "ஏர்பால்!" என்றார்கள், எதிலும் படாமல் வெளியே போன பந்து என்று அர்த்தம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வரிசைக் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

மதிலுக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது. "டேய், அந்தப் பாப்பா போட்டது உள்ளதான்டா போச்சு! நான் பாத்தேன்."

கைலி, தலையில் துண்டு, சைக்கிளின் ஒரு பெடலில் காலை ஊன்றியபடி நின்றார் அந்தப் பெரியவர். தேவனாம்பட்டினத்துக்காரர். விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான். கடைத்தெருவுக்கு நூல் வாங்கப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் பந்துச் சத்தம் கேட்டு நின்றிருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "நேத்தும் நின்னேன்" என்றார்.

"அது இன்னா டீச்சர், டிவியில காட்டும்போது கீழ வலை தொங்குமே, இதுல காணோம்?"

சொன்னேன். ஒரு வாரம் என்றதும் சிரித்தார். ஒரு தோழியின் பைக்குள் பாதி கிழிந்த பழைய வலை ஒன்று கிடந்தது, எடுத்துக் காட்டினேன். சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். வலையைத் தொடைமேல் விரித்து ஒவ்வொரு கண்ணாக விரல் விட்டு எண்ணினார். மேலே எத்தனை கொக்கி என்றார், 12 என்றேன். நிமிர்ந்து வளையத்தைப் பார்த்து எண்ணி, "அந்தாண்ட எட்டுதான் இருக்கு, நாலு ஒடஞ்சிருக்கு" என்றார். இரண்டு நாளாக அதன் கீழேயே நின்றுகொண்டிருக்கிறேன், எனக்கு அது கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் போய்ச் சேரும்போது வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் நீல நைலான் வலை. ராத்திரியே முடித்துவிட்டாராம். விதிப்படி வலை வெள்ளை நூலில் இருக்கவேண்டும் என்று என் வாய் நுனிவரை வந்தது. நல்ல வேளை, விழுங்கிவிட்டேன்.

ஏணியைப் பெரிய பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். வளையம் பத்தடி உயரம். கொக்கி ஒடிந்த இடத்தில் இரும்பையே சுற்றி வரிந்து முடிச்சுப் போட்டார். இறங்கி வந்து, "யாராச்சும் ஒண்ணு போடுங்க" என்றார். முதல் பந்து போய் விழுந்தது. விழுந்த பந்து வரவில்லை! உறியில் வைத்த சட்டிபோல் வலைக்குள் உட்கார்ந்துகொண்டது. 43 பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தெரு நாய்கள் எழுந்துவிட்டன. அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாப்பது வருசமா புடிக்கிற வலையே கட்டிட்டேன் டீச்சர். வுடுற வலை இப்பத்தான் கட்டுறேன்."

அவர் மறுபடி ஏணியில் ஏறி அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளைகளைக் கீழே உட்காரவைத்து நெய்ஸ்மித் கதையைச் சொன்னேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் அவர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது, மாட்டியது பீச் பழம் கொட்டி வைக்கிற கூடைகளை. கூடைக்கு அடி உண்டு. பந்து விழுந்தால் உள்ளேயே இருக்கும், ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் ஏணி வைத்து ஏறி எடுத்துப் போடவேண்டும். "அப்ப நம்ம தாத்தாதான் இன்னிக்கு அந்த ஆளு" என்றான் ஒரு பையன். வருஷா வருஷம் முதல் நாள் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்கிற கதைதான். ஒரு பிள்ளைகூட அதை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

பிறகு அவர் கீழே உட்கார்ந்து பெண்கள் ஆடுகிற ஆறாம் நம்பர் பந்து ஒன்றையும் ஏழாம் நம்பர் ஒன்றையும் கேட்டு வாங்கினார். நூலைச் சுற்றி அளந்தார். "ஒரேயடியா வுட்டுடணுமா, இல்ல கொஞ்சம் நின்னு போகணுமா?" என்று கேட்டார். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஆட்டத்தில் இருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "ஒரு கண் சிமிட்டுற நேரம் தடுத்து வுடணும் ஐயா" என்றேன். தலையாட்டினார். நடுவிலே நூல் சுற்றிய அந்தத் தட்டை ஊசியை எடுத்து, மூங்கில் பட்டை ஒன்றை அளவுக்கு வைத்துக்கொண்டு, கீழ் மூன்று வரிசையைப் பிரித்துக் கண்ணைப் பெரிசாக்கிப் பின்னினார். கை போகிற வேகத்தில் முடிச்சு விழுவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முடிச்சுக்கும் கடைசியில் ஒரு வெட்டு இழுப்பு, அதற்கு மட்டும் "டிக்" என்று ஒரு சத்தம். நைலான் வழுக்கும், இழுத்து இறுக்காவிட்டால் நழுவிவிடும் என்றார். அந்த ஏழாம் வகுப்புப் பெண் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த இழுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியை அவள் கையில் கொடுத்து நாலு கண் போடவைத்தார். மூன்றைப் பிரித்துவிட்டார். ஒன்றை அப்படியே விட்டார்.

எட்டரை மணிக்கு வலை மறுபடி ஏறியது. முதல் பந்து யார் போடுவது என்று ஐயாவைக் கேட்டேன். "அந்தப் பாப்பா" என்றார். முதல் இரண்டும் வெளியே போயின (உண்மையைத்தான் எழுதவேண்டும்). மூன்றாவது இரும்பைத் தொடவில்லை. சரக்கென்று ஒரு சத்தம், நீல வலை மேலே சுருண்டு கீழே இறங்கியது. யாரும் "அவுட்" சொல்லவில்லை.

அடுத்த வளையத்துக்கும் அன்று சாயங்காலமே கட்டிவிட்டார். குட்டிப் பசங்களுக்காக 2.60 மீட்டரில் நாங்கள் மாட்டியிருந்த சின்ன வளையத்துக்கும் சேர்த்து மூன்று. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. நூல் விலையாவது என்றேன். "தடைக்காலத்துல சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்றார். அது சும்மா இருப்பதில்லை என்று எனக்குத் தெரியும். வருமானம் இல்லாத இரண்டு மாதம் அது. வலை பொத்துகிற வேலை கரையில் காலையிலிருந்து இருட்டும்வரை நடக்கிறது. அந்த வேலையை ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

சில்வர் பீச்சுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போயிருக்கிறேன். போகிற வழியில் வலையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. இன்னொன்றும் இந்த மூன்று நாளாக உறுத்துகிறது. முகாமில் இருந்த 43 பிள்ளைகளில் தேவனாம்பட்டினத்துக் குப்பத்துப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. சோனாங்குப்பத்திலிருந்தும் இல்லை. யாரும் வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் போய்ச் சொல்லவில்லை. நோட்டீஸை எங்கே ஒட்டினோம் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு ஸ்டேஷனரி கடை, ஒரு டியூஷன் சென்டர், ஒரு ஜிம். அவ்வளவுதான். கட்டணத்தை நாங்கள் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். யாருக்குக் குறைவு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஐயா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி நாள் மட்டும் பேச்சோடு பேச்சாக, "எங்க தெருவுல ஒரு பையன், ஆறடி இருப்பான், சும்மா சுத்துறான்" என்றார். அவனை நாளைக்கே அனுப்புங்கள் என்றேன். முகாம்தான் முடிந்துவிட்டதே என்றார். முகாம் முடிந்தால் என்ன, காலை ஆறு மணிக்கு நான் கோர்ட்டில்தான் இருப்பேன். அடுத்த வருஷம் பத்து இடம் கரையோரப் பிள்ளைகளுக்கு, கட்டணம் இல்லாமல். நோட்டீஸ் முதலில் மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஒட்டப்படும். எல்லோரும் பார்க்க எழுதி வைக்கிறேன், மறந்தால் என்னைக் கேளுங்கள்.

வெயிலில் நைலான் ஒரு வருஷத்துக்குமேல் தாங்காது, மொடமொடவென்று ஆகிவிடும், அடுத்த கோடைக்குப் புதுசு கட்டவேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். "ஜூன் பதினஞ்சுக்கு முன்னாடி கூப்டணும். அப்புறம் ஆள் கெடைக்க மாட்டேன்" என்றும் சொன்னார்.

ஐயா, உங்கள் பேத்தி இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். வடக்குப் பக்க வலையில் கீழிருந்து இரண்டாவது வரிசையில் ஒரு கண் நேற்று பிரிந்துவிட்டது. நான் கை வைக்கவில்லை. அந்தப் பாப்பா ஏணி கேட்டு வாங்கி ஏறி அவளே முடிச்சுப் போட்டிருக்கிறாள். "டிக்" சத்தம் கேட்டது என்கிறாள். படகு ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள், சரியில்லை என்றால் அவளே பிரித்துப் போடுகிறாளாம்.